ஒரே காயில் பிறந்த இரண்டு மரங்கள்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பள நோட்டில் பெயர் எழுதவும், தொட்டிகளில் செடியின் பெயரை எழுதி ஒட்டவும்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்னும் நிச்சயமில்லை. வரிகளும் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கிவிடுகின்றன. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கிற ஆள் இல்லை. சொல்ல வேண்டியது ஒன்று மனதில் கிடக்கிறது, அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தோட்ட வேலை பார்க்கிறேன். பதினாறு வீடுகள். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. பக்கத்துக் காம்பவுண்டில் ஒரு தனி பங்களா இருக்கிறது. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், வருடத்தில் பத்து நாள் வந்தால் அதிகம். அங்கே வாட்ச்மேன், தோட்டக்காரன், கரண்ட் பில் கட்டுகிறவன் எல்லாம் ஒரே ஆள். அவன் என் மனைவியின் தம்பி. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான். இதைச் சொல்லாமல் விட்டால் பெருந்தன்மையாக இருக்கும். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதுவதென்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மயிலாப்பூரில் ஒரு கோயிலுக்குப் போயிருந்தேன். அந்தக் கோயில் பிராகாரத்தில் பெரிய நாகலிங்க மரம் ஒன்று உண்டு. அன்று அதிலிருந்து ஒரு காய் விழுந்து உடைந்து கிடந்தது. நாகலிங்கப் பூவைத் தெரியாதவர்கள் சென்னையில் குறைவு. பாம்பு படம் எடுத்துக் குடை பிடித்த மாதிரி மேலே ஒரு மடிப்பு, அதன் கீழே சின்ன லிங்கம், சுற்றிலும் கூட்டமாக நிற்கிற மாதிரி மகரந்தம். சிவனுக்கு உகந்த பூ. ஆனால் அதன் காயைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. சின்னப் பிள்ளையின் தலை அளவு இருக்கும், இரும்புக் குண்டு மாதிரி உருண்டையாக. உடைந்தால் உள்ளே இருக்கிற சதை காற்றுப் பட்டு நீலமும் பச்சையுமாக மாறும். அந்த நாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பூவின் வாசனைக்கும் காயின் நாற்றத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

கோயில் ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை வாரிப் போடச் சொன்னார். நான் வாரிப் போடவில்லை, பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் அடையாறு வரைக்கும் காலியாகவே இருந்தது. விதைகளைக் கழுவிக் கழுவி, அதன் மேல் இருக்கும் மயிரையெல்லாம் நீக்கி, மண் பைகளில் போட்டேன். பத்துக்கு மேல் முளைத்து, இரண்டுதான் நின்றன. ஒன்று நேராக, தண்டு தடித்து வந்தது. இன்னொன்று இடுப்பில் வளைந்து நோஞ்சானாக இருந்தது. நேரானதை எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் நட்டேன். வளைந்ததை மச்சானிடம் கொடுத்து, "நட்டு வை, வந்தா வரட்டும்" என்றேன்.

இரண்டு மரமும் சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வளர்ந்தன. என் மரத்துக்கு நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வேரைச் சுற்றிப் பாத்தி வெட்டி, மாட்டுச் சாணமும் வேப்பம் பிண்ணாக்கும் போட்டு, கோடையில் இரண்டு வேளை ஓஸ் பைப்பில் தண்ணீர் விட்டேன். அவன் மரத்துக்கு மழைதான் தண்ணீர். மழை இல்லாத மாதங்களில் அவன் குடித்த டீ கிளாஸ் கழுவின தண்ணீர். அவன் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அந்த மரத்தடியிலேயே தூங்குவான். வளைந்த கன்று எப்போது நிமிர்ந்தது என்று அவனுக்கே தெரியாது.

எங்கள் மூன்றாம் மாடியில் அப்போது ஒரு அம்மா இருந்தார். கல்லூரியில் தாவரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். முட்டி வலியால் கீழே வருவதே இல்லை, மாடி ஜன்னலிலிருந்துதான் மரத்தைப் பார்ப்பார். தண்ணீர் கேன் தூக்கிப் போகும்போது அவர் எனக்கு நிறைய சொல்லியிருக்கிறார். இந்த மரம் நம் ஊர் மரமே இல்லையாம். தென் அமெரிக்காவில் வருஷம் முழுக்க மழை பெய்கிற காட்டு மரமாம். அந்தக் காட்டில் மேலே இலைகள் கூரை போட்ட மாதிரி மூடியிருக்கும், கீழே இருட்டு. அங்கே பறக்கிற வண்டுகளுக்கு எட்டுகிற மாதிரி இது கிளையில் பூக்காமல் அடிமரத்தில் பூக்கிறதாம். பூவில் தேனே கிடையாது, மகரந்தத்தைத் தின்னத்தான் வண்டு வருகிறதாம். அதிலும் வண்டு தின்ன ஒரு மகரந்தம், காய் பிடிக்க இன்னொரு மகரந்தம். விழுந்து உடைந்த காயை அங்கே காட்டுப் பன்றிகள் தின்னும் என்றார். சிவனுக்குப் போடுகிற பூவின் காயைப் பன்றி தின்னும் என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு மகளோடு வேளச்சேரிக்குக் குடி போய்விட்டார். அவர் இருந்திருந்தால், முட்டி வலி இல்லாமலும் இருந்திருந்தால், நான் இதை எழுதுகிற அவசியம் வந்திருக்காது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் மரம் பூத்தது.

எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. காலையில் பெருக்கிக்கொண்டிருந்தபோது சுவரைத் தாண்டி வாசனை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சுவருக்கு மேலே தெரிந்த அடிமரத்தில் கயிறு கயிறாகத் தொங்கியது, அதில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ. நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என் மரத்திடம் போனேன். வழவழவென்று, சுத்தமாக, வெறுமனே நின்றது.

இந்த இடத்தில் பொங்கல் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் எல்லா மரத்துக்கும் இடுப்பு உயரம் வரை சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடிப்பேன். தெருவில் எங்கள் மரங்கள்தான் பளிச்சென்று இருக்கும். அடிப்பதற்கு முன் கை எட்டுகிற உயரம் வரை மரத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பாசி, உரிந்த பட்டை, பூச்சி வைத்த முடிச்சு எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் சுண்ணாம்பு திட்டுத் திட்டாக நிற்கும். நாகலிங்க மரத்தில் முழங்கால் உயரத்திலிருந்து சுண்டைக்காய் மாதிரி முண்டுகள் வரும். பூச்சி முடிச்சு என்று நினைத்துக் கத்தியால் சீவி, மேலே கெட்டிச் சுண்ணாம்பைப் பூசி அடைத்துவிடுவேன். அடுத்த வருஷமும் வரும், அடுத்த வருஷமும் சீவுவேன். ஒவ்வொரு வருஷமும் அது கொஞ்சம் அதிகமாக வந்தது. என் மரத்துக்கு நோய் முற்றுகிறது என்றுதான் நினைத்தேன். இன்னும் ஆழமாகச் சீவினேன்.

அந்த நாலு வருஷத்தில் மனதுக்குள் என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும்.

அவன் கை ராசியான கை என்று ஊர் பேச ஆரம்பித்தது. தெருவில் யாருக்குக் கறிவேப்பிலைக் கன்று நட வேண்டுமானாலும் அவனைக் கூப்பிட்டார்கள். எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு வீட்டில் பால்கனித் தொட்டிக்கு மண் நிரப்ப அவனைக் கூப்பிட்டார்கள். நான் அந்த வீட்டுக்குக் கீழே புல் வெட்டிக்கொண்டிருந்தேன். அவன் லிப்டில் ஏறும்போது என்னைப் பார்த்து, "இன்னா மாமா, ரெண்டாவது மாடி எந்தப் பக்கம்?" என்றான். அவன் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவன் எதிலும் கெட்ட எண்ணம் வைக்கிறவன் இல்லை, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

என் மனைவி தினமும் காலையில் அவன் மரத்துப் பூ ஒன்றை டிபன் பாக்ஸ் மூடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். நாங்கள் அடையாறு ஆற்றுப் பக்கம் இருக்கிறோம். ஒரே அறை, ஒரு பூ போதும், வீடே மணக்கும். படுக்கும் இடம், சோறு தின்னும் இடம், எங்கே போனாலும் அவன் மரத்து வாசனை. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"ஒரு தபா என் தம்பிய இட்டாந்து உன் மரத்துக்குத் தண்ணி ஊத்தச் சொல்லுய்யா. அவன் கை பட்டா பூத்துடும்."

நான் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். அவள் சாம்பாரில் உப்பு அதிகமோ என்று ருசி பார்த்தாள்.

கருவண்டுகள் என் தலைக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் போவதைக்கூட எண்ணியிருக்கிறேன். ஒன்றாவது என் மரத்தில் உட்காருமா என்று பார்ப்பேன். இந்த மரம் வருஷத்தில் இரண்டு மூன்று தடவை எல்லா இலையையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். ஒரு வாரத்தில் மறுபடி பச்சையாகிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும், என் மரமும் அப்படித்தான் செய்கிறது. தெரிந்தும், அவன் மரம் மொட்டையாகும் ஒவ்வொரு தடவையும், இந்த முறை திரும்பித் துளிர்க்காது என்று ஒரு நப்பாசை எனக்கு வரும். ஏழாம் நாள் துளிர்த்துவிடும்.

காய்கள் விழுந்தால் ஆபத்து என்று நாலு பேர் காதில் போட்டும் பார்த்தேன். உண்மையில் ஆபத்துதான், தலையில் விழுந்தால் தலை நிற்காது. அது அவன் காதுக்குப் போயிற்று. மறுநாள் அவன் பைக் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மரத்தடியைப் பெருக்கினான். தெருவே நின்று சிரித்தது. அதற்குப் பிறகு அவனைப் பிடிக்காதவர்களுக்கும் பிடித்துப் போயிற்று.

போன மார்கழியில்தான் விஷயம் முற்றியது. குடியிருப்பில் மின்சார கார் வாங்கியவர்கள் அதிகமாகி, சார்ஜ் போட இடம் வேண்டும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் பேசினார்கள். பின்பக்கம் என் மரம் இருக்கிற இடம் சரியாக இரண்டு காருக்குப் போதும். செக்ரட்டரி சொன்னதை நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"பூவும் இல்ல, காயும் இல்ல. வருஷத்துக்கு மூணு தடவ குப்பை மட்டும் கொட்டுது. பொங்கல் முடிஞ்சதும் எடுத்துடலாம், பர்மிஷனுக்கு எழுதிப் போட்டுடறேன்."

இரண்டாம் மாடி மாமி பூஜைக்கு நாகலிங்கப் பூ இல்லாமல் காபி குடிக்காதவர். அவராவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். "பக்கத்தாத்து மரத்துலதான் கொட்டிண்டிருக்கே. இது ஏன் நிக்கறதுன்னே தெரியலை" என்றார். அவ்வளவுதான். கூட்டம் தண்ணீர் டேங்க் கழுவுவதைப் பற்றிப் பேசப் போய்விட்டது.

அந்த வாரம் மாமி ஒரு கூடை பூ மயிலாப்பூர் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். துணைக்கு என்னைக் கூப்பிடுவார் என்று நான் கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். எங்கள் குடியிருப்பு மாமி அவர். அவர் ஆட்டோவை பங்களா வாசலில் நிறுத்தச் சொல்லி அவனைக் கூப்பிட்டார். அவன் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்து, பங்களா சாவியை என் கையில் கொடுத்தான்.

"ஒரு மணி நேரம் கேட்டப் பாத்துக்கோ மாமா. உன்ன வுட்டா யாரு கீறா எனக்கு?"

காலை பத்து மணி இருக்கும், ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். தெருவில் யாரும் இல்லை. நான் என் வளைந்த கத்தியை எடுத்துக்கொண்டு அந்த கேட்டைத் திறந்தேன்.

அவன் மரத்தின் பூக்கயிறுகளை அடியோடு அறுத்துவிடுவது என்று போனேன். மரம் சாகாது. ஆனால் திரும்பக் கயிறு விட்டுப் பூக்க வருஷக்கணக்கில் ஆகும். யாராவது கேட்டால் பூச்சி விழுந்திருந்தது, அதனால் வெட்டினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என் மரம் போகும்போது அவன் மரமும் வெறுமனே நிற்க வேண்டும். இதுதான் என் எண்ணம். நான் அதைச் சுற்றி வளைத்து எழுதவில்லை.

நாலு வருஷமாக நான் அந்த மரத்தின் பக்கத்தில் போனதே இல்லை. பங்களாவுக்குள் போனாலும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். சுவருக்கு மேலே தெரிவதை மட்டும்தான் பார்த்திருந்தேன். அன்றுதான் முதல்முறை அடிமரத்துக்கு எதிரே போய் நின்றேன்.

பூக்கள் மேலேதான் இருந்தன. கீழே, முழங்கால் உயரத்தில், சுண்டைக்காய் மாதிரி ஒரு முண்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கட்டைவிரல் நீளத்துக்கு நீண்டு வந்திருந்தது. அதற்கு மேலே ஒன்று சாண் நீளம், நுனியில் மிளகு மாதிரி மொட்டுகள். அதற்கும் மேலே கை நீளத்துக்குக் கயிறு, அதில் பெரிய மொட்டு. அதற்கு மேலே பூ.

ஒரே மரத்தில் எல்லாப் பருவமும் வரிசையாக இருந்தது. என் கட்டைவிரலை அந்த முதல் முண்டின் மேல் வைத்தேன். என் விரலுக்கு அது நன்றாகத் தெரிந்த முண்டு. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் அதைத்தான் சீவிக்கொண்டிருந்தேன்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். கோயில் மரத்தின் கயிறுகளைப் பார்த்தே பழகியவன், கயிறாகவேதான் வெளியே வரும் என்று நினைத்திருந்தேன். கவனிப்பு இல்லாமல் கிடந்த மரம் பூத்தது. கவனித்த மரத்தைக் கவனித்த கையே பூக்கவிடாமல் செய்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஆட்டோ சத்தம் கேட்டது. எழுந்து கத்தியை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டேன்.

"இன்னா மாமா, மரத்தாண்ட?"

மொட்டு பார்க்க வந்தேன் என்றேன். அவன் நெற்றியில் விபூதி இருந்தது. கோயில் சுண்டலை ஒரு பேப்பரில் மடித்து எனக்குக் கொண்டுவந்திருந்தான். நான் கேட்காமலே அவன் அந்த முண்டுகளைக் காட்டி, இதெல்லாம் தானாக வந்தது, தான் ஒன்றும் செய்யவில்லை என்றான். முதலில் ஏதோ வியாதி என்று நினைத்தானாம். சுரண்டி விடலாம் என்று தோன்றியதாம், சோம்பலில் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டானாம். சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளில் நான் ஒரு முடிவும் எடுக்கவில்லை என்பதுதான் உண்மை. வாயை மூடிக்கொண்டிருந்தால் மரம் போய்விடும். அதோடு நான் செய்த முட்டாள்தனமும் போய்விடும், யாருக்கும் தெரியப் போவதில்லை. பூக்காத மரம் என்று மரத்தின் மேல்தான் பழி. பக்கத்தில் அவன் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒன்றும் இருக்காது. வாயைத் திறந்தால் மரம் நிற்கலாம். ஆனால் பதினாறு வீட்டுக்கும் நான் யார் என்று தெரிந்துவிடும். இத்தனை வருஷம் தோட்ட வேலை பார்த்தவனுக்குப் பூ எது பூச்சி எது என்று தெரியவில்லை, அந்தத் தூங்குமூஞ்சிக்குத் தெரிந்திருக்கிறது என்பார்கள்.

தென்னைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். வேம்புக்கு அடித்தேன். நாகலிங்கத்திடம் வந்து உட்கார்ந்தேன். போன வருஷம் நான் பூசிய சுண்ணாம்பு வெடித்து, அந்த வெடிப்புக்குள்ளிருந்து முண்டுகள் வந்திருந்தன. ஏழு. நான் அவற்றைத் தொடவில்லை. சுண்ணாம்பு வாளியை மூடி வைத்தேன்.

செக்ரட்டரி காரை எடுக்க வந்தவர், இதற்கு மட்டும் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார். நான் தலையைச் சொறிந்தேன். வெட்டப் போகிற மரத்துக்கு எதற்கு என்று விட்டுவிட்டாயா, சரிதான் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடந்தது. நாற்காலி போட்டது நான்தான். மரம் வெட்ட யாரைக் கூப்பிடுவது என்ற பேச்சு வந்தபோது என் கால்கள் தூணை விட்டு இரண்டு அடி முன்னால் போயிருந்தன. என் வாயிலிருந்து என்ன வந்தது என்று முழுதாக நினைவில்லை. "சார், அது பூக்கும். நான்தான் பூக்க வுடல" என்று ஆரம்பித்தேன். முண்டுகளை வருஷா வருஷம் சீவியதையும் சுண்ணாம்பு வைத்து அடைத்ததையும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள், அது எல்லா நாற்காலிக்கும் பரவியது. நல்ல மாதிரியான சிரிப்புதான். ஆனாலும் என் காது சூடாகிவிட்டது.

செக்ரட்டரி சிரிக்கவில்லை. "நீயே சொல்ற, நீதான் கெடுத்தேன்னு. இப்ப அது மொட்டுன்னு நீ சொன்னா எப்படிப்பா நம்பறது?" என்றார்.

"பக்கத்தாத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோளேன்" என்றார் மாமி. "அவனுக்குத் தெரியும்."

அவனைக் கூப்பிட்டு வர என்னையே அனுப்பினார்கள். பங்களா கேட் வரைக்கும் முப்பது அடிதான் இருக்கும். அந்த முப்பது அடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் மரத்துக்காக அவனிடம் போய் நிற்கிறேன். அவன் சோறு தின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்து வந்தான்.

மரத்தடியில் குந்தி உட்கார்ந்து செல்போன் லைட்டை அடித்துப் பார்த்தான். ஒரு முண்டை விரலால் தொட்டான். எழுந்து எல்லோரையும் பார்த்து, "மாமா சொல்றது கரெக்ட்டு சார். இது மொக்குதான், பூக்கும். என் மரமும் அவரு குடுத்த கன்னுதான். நான் நட்டதோட சரி" என்றான்.

அடுத்த பொங்கல் வரை பார்க்கலாம் என்று முடிவாயிற்று. கார் சார்ஜ் போட முன்பக்கம் இடம் கண்டுபிடித்தார்கள். கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கும்போது அவனும் கூட நின்று அடுக்கினான். நான் அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் பேச்சில் அத்தனை பேருக்கு முன்னால் என்னை உயர்த்தியது எனக்கு அறைந்த மாதிரி இருந்தது.

அதன் பிறகு நான் மரத்தை ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை. முண்டுகள் சித்திரையில் விரல் நீளமாகின, ஆனியில் மொட்டு வைத்தன. நடுவில் ஒரு தடவை இலையெல்லாம் கொட்டி மொட்டையாயிற்று. செக்ரட்டரி இன்டர்காமில் கூப்பிட்டு மரம் பட்டுப் போய்விட்டதா என்று கேட்டார். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். ஆறாம் நாளே துளிர்த்தது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முதல் பூ விரிந்தது, முழங்கால் உயரத்தில். நான் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு கருவண்டு வந்து அந்தக் குடைக்குள் நுழைந்து, முதுகில் மஞ்சள் அப்பிக்கொண்டு வெளியே வந்தது. அந்தப் பூவை நான் பறிக்கவில்லை. இந்தப் பூ ஒரு நாளுக்கு மேல் நிற்காது, மறுநாள் தானாக உதிர்ந்தது. மாமிதான் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பக்கத்தாத்து ஆள் அன்னிக்கு வந்து கை வச்சுட்டுப் போனான் பாருங்கோ, பூத்துடுத்து."

என் மனைவியும் அதையேதான் சொன்னாள்.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதது அந்தக் கத்தி. பூ பூத்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. தினமும் காலையில் இரண்டு மரத்துப் பூவையும் எண்ணுகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அவன் மரத்தில் குறைவாக இருக்கிற நாளில் எனக்குப் பசி நன்றாக எடுக்கிறது. அப்படியென்றால் அன்று கத்தியோடு போன ஆள் இன்னும் எனக்குள்தான் இருக்கிறான். இன்று மத்தியானம் மச்சான் தன் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். போய் எதிரே நின்று சொல்லிவிட்டேன். அன்று மொட்டு பார்க்க வரவில்லை, உன் மரத்துப் பூக்கயிறு அத்தனையும் அறுக்க வந்தேன் என்று.

அவன் நாற்காலியில் நிமிர்ந்துகூட உட்காரவில்லை.

"தெரியும் மாமா. மொக்கு பாக்க வர்றவன் கத்திய முதுகாண்ட மறைச்சிக்கினா நிப்பான்?"

தெரிந்துமா அன்று கூட்டத்துக்கு வந்து எனக்காகப் பேசினாய் என்று கேட்டேன்.

"நீ வெட்டலியே" என்றான். "வெட்டியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன். உன் வூட்டுப் பக்கமே தலை வச்சிப் படுத்திருக்க மாட்டேன்." பிறகு வேப்பம் பிண்ணாக்கு ஒரு மூட்டை மிச்சம் இருக்கிறதா, தன் மரத்துக்கும் கொஞ்சம் போட்டால் தேவலை என்று கேட்டான். இருக்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு நிமிஷத்தில் குறட்டை வந்தது.

நான் பிண்ணாக்கு மூட்டையை எடுக்க வந்துவிட்டேன். எட்டு மாதமாக அவன் இதை அறிந்திருக்கிறான். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. நானாக இருந்தால் அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன். மனதுக்குள் எதையும் வைத்துக் கொதிக்காமல் அப்படித் தூங்க முடிகிறதே என்று, இதை எழுதும்போதும் அவன் மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. பிண்ணாக்கில் பாதியை அவன் மரத்துக்குப் போட்டேன். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக.

புரட்டாசி மாதம் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை.